கண்ணிலிருந்து திரை வரை

எங்கள் விமானத்தின் முன்பலகையில் கடைசியாக மிஞ்சியிருந்தது ஓர் ஓட்டை. மற்ற எல்லாவற்றையும் பொருத்தியாகிவிட்டது. வேகம் காட்டும் முள், உயரம் காட்டும் முள், எண்ணெயின் சூடு காட்டும் முள், மேலே ஒரு சின்னத் திசைகாட்டி. நடுவில் மட்டும் பெரிய நீள்சதுரம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஒரு ஜி.பி.எஸ். திரை வர வேண்டும். பறக்கும்போது நமக்குக் கீழே உள்ள நிலம் வரைபடமாக அதில் நகர்ந்துகொண்டே வரும். எந்தத் திரையை வாங்குவது என்று முடிவாவதற்கு முன்பே என் கணவர் ஓட்டையை வெட்டிவிட்டார்.

"இவ்வளவு பெருசாவா?" என்று கேட்டேன்.

"பெருசா இருந்தாத்தான் நல்லது" என்றார். ஏன் நல்லது என்று சொல்லவில்லை. நானும் அப்போது மேலே கேட்கவில்லை.

விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்காரலாம், அவ்வளவுதான். இலங்கையில் கரவனெல்லையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் நாங்கள் இருக்கும் ரப்பர்த் தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காய வைத்த கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. இப்போது ரப்பர்ப் பாலை அப்படியே வெளியே அனுப்பிவிடுவதால் அது சும்மா கிடந்தது. தோட்ட நிர்வாகியான தொரையிடம் கேட்டு வாங்கி, அதற்குள்தான் விமானத்தைக் கட்டினோம். சுவர்களில் ஊறிய புகை வாசம் கடைசிவரை போகவில்லை. நான் தைத்த துணியிலும் அது ஏறிவிட்டது.

ஆமாம், இறக்கைத் துணி நான் தைத்தது. கார்மண்ட் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, வேலையை விட்ட பிறகு வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிபோம் தைத்துக் கொடுப்பவள் நான். விமானத்தின் இறக்கை முழுக்க முழுக்கத் தகரமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. எங்களுடையதில் உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டங்கள், மேலே துணி. துணியை இழுத்து ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் மத்தளத் தோல் போல விறைத்துக்கொள்ளும். பிறகு மெழுகு பூசிய நூலால் ஒவ்வொரு சட்டத்தோடும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சை என் கணவர் எனக்குக் கற்றுக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவர் போடுவதைவிட என்னுடையது ஒழுங்காக வந்தது. ஆகவே இது "அவருடைய பிளேன்" என்று யாராவது சொன்னால் எனக்குள் ஏதோ ஒன்று முகம் சுளிக்கும்.

அவர் தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். வளைகுடா நாடு ஒன்றில் விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் பல வருடம் வேலை செய்தார். தகடு வெட்டுவது, ரிவிட் அடிப்பது, பிறகு வெடிப்பு இருக்கிறதா என்று பரிசோதிப்பது. ஒருநாள் போனில், "போதும், வந்துர்றேன். இனிமே உன்கூட இருக்கணும்" என்றார். சொன்னபடி வந்தும் விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை நான் வெகுநாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வெளிநாட்டுக்குப் போன மற்ற வீட்டு ஆண்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே இருந்தபோது, என் வீட்டுக்காரர் எனக்காக வந்தார் என்று இரண்டு மூன்று பேரிடமாவது பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

வந்த பிறகு அவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். கொழும்புக்குத் தெற்கே கடலோரமாக ஒரு சின்ன விமானத்தளம். அங்கே பயிற்சி கொடுத்த பெண் எங்கள் இருவரையும்விட வயதில் நன்றாக இளையவர். சிங்களப் பெண். நாங்கள் அவரை மிஸ் என்போம். அவர் என் கணவரை அண்ணன் என்ற பொருளில் "அய்யே" என்றும், என்னை "அக்கே" என்றும் கூப்பிடுவார். அவரோடு எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கடலோரமாகப் பறக்கும்வரை வரைபடம் அவ்வளவு தேவைப்படவில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நிலம். வழி தவற இடமில்லை. எங்கள் பக்கம் அப்படியில்லை. "மேலேருந்து பார்த்தா ரப்பர் எல்லாம் ஒரே ரப்பர்தான், அக்கே" என்று மிஸ் ஒருமுறை சொன்னார். "ஒரு பள்ளத்தாக்குனு நெனச்சு இன்னொரு பள்ளத்தாக்குல போயிருவோம். முன்னால மலை ஏறிக்கிட்டே வரும், மேல மேகம் எறங்கிக்கிட்டே வரும். திரும்ப எடம் இருக்காது." அதனால்தான் அந்தத் திரை. அது வெறும் ஊர்ப் பெயர்களைக் காட்டுவதற்கு அல்ல. எந்த மலை நாம் பறக்கும் உயரத்தைவிட உசத்தி என்று சிவப்பாகவும், எது கிட்டத்தட்ட நம் உயரம் என்று மஞ்சளாகவும் காட்டும். மலையின் உயரத்தை அடிக் கணக்கில் எண்ணாகவும் போடும்.

எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, வீட்டில் ஏற்கெனவே இருந்த டெப்பில், அதாவது டேப்லெட்டில், வரைபடச் செயலியைப் போட்டு அதையே பலகையில் பொருத்துவது. இரண்டாவது, மிஸ் வருடக்கணக்காக வைத்திருக்கும் கையடக்க ஜி.பி.எஸ். அந்த மாதிரியே ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். சின்னத் திரை, பக்கவாட்டில் திருகும் குமிழ்கள். மூன்றாவது, என் கணவர் ஆசைப்பட்ட பெரிய தொடுதிரை. மிஸ்ஸுக்குத் தெரிந்த ஒருவர் அதைப் பார்ப்பதற்காக இரவல் கொடுத்தார். பலகையில் வெட்டியிருந்த ஓட்டை அதன் அளவுதான்.

"ஆகாயத்துல வச்சு சோதிக்க வேணாம். ரோட்டுல வச்சுப் பாக்கலாம்" என்றார் மிஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேனை நான் ஓட்டினேன். என் கணவர் இடது பக்கம் உட்கார்ந்தார். விமானத்திலும் அவர் இடம் அதுதான். மிஸ் பின் சீட்டில். கரவனெல்லையிலிருந்து கித்துல்கல போகும் பாதை. ஆறு கூடவே வரும், வளைவு வளைவாக.

முதலில் டெப். கண்ணாடி வழியாக வெயில் அதன் மேல் விழுந்ததும் அதில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன. என் கணவர் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினார். கொஞ்சத் தூரம் போனதும் அது சூடேறி, ஆற வேண்டும் என்று ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டுக் கறுத்துப் போனது.

"ஹரி" என்றார் மிஸ். சரி, இது வேண்டாம் என்று அர்த்தம்.

அடுத்தது பெரிய தொடுதிரை. வெயிலிலும் பளிச்சென்று தெரிந்தது. வரைபடத்தில் ஒரு குட்டி விமானம் நடுவில் நின்றது. அது அசையவில்லை, அதன் கீழே பூமிதான் பின்னால் போனது. என் வேன் அந்தக் குட்டி விமானமாக மாறி கேளனி ஆற்றோரம் மாட்டுவண்டி வேகத்தில் போவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. மிஸ் கேட்ட மலை உயரங்களை எல்லாம் என் கணவர் கடகடவென்று வாசித்தார். பிறகு மிஸ், ஒரு தோட்டப் பாதையில் திருப்பச் சொன்னார். அந்தப் பாதையைப் பாதை என்பது மரியாதைக்காகத்தான். குண்டும் குழியும். "இப்ப வரைபடத்தப் பெருசாக்குங்க அய்யே" என்றார். என் கணவர் விரலை நீட்டினார். வேன் குதித்தது. விரல் வேறெங்கோ பட்டது. மறுபடி நீட்டினார், மறுபடி குதித்தது. வரைபடம் சுருங்கிச் சுருங்கி, இலங்கையே ஒரு புள்ளியாகிவிட்டது. சுற்றிலும் நீலக் கடல்.

"மேகத்துக்கிட்ட இதவிட மோசமா ஆடும்" என்றார் மிஸ். "அப்ப நீங்க கடல் பாத்துக்கிட்டு இருப்பீங்க."

"ரோடு சரியில்ல, மிஸ். பழகுனா வந்துரும்" என்று என் கணவர் முணுமுணுத்தார்.

கடைசியாக மிஸ்ஸுடைய சின்னது. குலுங்கும் பாதையிலும் குமிழைப் பிடித்துக்கொண்டு திருக முடிந்தது. பிடித்த இடத்தில் கை நின்றது. "முன்னால தெரியுற மலை எவ்வளவு உயரம், அய்யே?"

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு, "ஆயிரத்து எண்ணூறு" என்றார்.

மிஸ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆயிரத்து முன்னூறு."

"குலுங்குதுல்ல" என்றார் அவர்.

நான் வேனை நிறுத்தினேன். "இப்ப குலுங்கல. பாத்துச் சொல்லுங்க" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் அந்தக் கருவியைப் பலகையிலிருந்து கழற்றிக் கையில் எடுத்து, கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தார். கழுத்தைப் பின்னால் இழுத்தார். பிறகு என் மடியில் போட்டு, "நீயே பாரு, இந்த எழுத்து தரமே இல்ல" என்றார்.

எனக்கு எழுத்து நன்றாகத் தெரிந்தது. நான் கண்ணாடி போட்டிருந்தேன். கார்மண்டில் இருந்த காலத்திலேயே கிட்டத்தில் இருப்பது மங்க ஆரம்பித்து, மூக்கில் ஏற்றியது. அந்தக் கழுத்தை இழுக்கும் அசைவை எனக்குத் தெரியும். என் லைனில் இருந்த பெண்களில் பலர் கண்ணாடி வாங்குவதற்கு முன்பு அப்படித்தான் துணியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தையலைப் பார்ப்பார்கள். ஆனால் மிஸ்ஸின் முன்னால் நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன், மற்ற இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அன்று முழுக்க என் மனதில் அந்த எண்தான் ஓடியது. மூன்றை எட்டு என்று வாசித்தார். உசத்தியாகத்தானே வாசித்தார், ஆபத்தில்லை என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த முறை எட்டை மூன்று என்று வாசித்தால்? பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறவள் நான்.

இரண்டொரு நாள் கழித்து, சாயங்காலம் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு புகைக் கட்டடத்துக்குப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் நான் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தார். மிஸ் விட்டுப் போயிருந்த சின்னக் கருவியைப் பலகையில் வைத்து, குமிழைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் என் பழைய கண்ணாடி. ஓரங்களில் பூப்போட்ட, ரோஸ் நிறக் கண்ணாடி. ஒரு கால் உடைந்து நான் அலுமாரிக்குள் போட்டு வைத்திருந்ததை நூல் சுற்றிக் காதில் மாட்டியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேத்தண்ணியை இறக்கைக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தேன். அவர் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றப் போனவர் கையைக் கீழே போட்டுவிட்டார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"என்னா எவ்வளவு நாளா?"

"கண்ணு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். நூல் சுற்றிய கால் மடியவில்லை. "அங்க இருக்கும்போதே" என்றார்.

"அங்கன்னா?"

"வெளிநாட்டுல. வருசா வருசம் எங்களுக்குக் கண்ணு பாப்பாங்க. வெடிப்பு பாக்குற வேலை இல்ல? கடைசி வருசம் கிட்ட உள்ள எழுத்த என்னால வாசிக்க ஏலல."

"அதுக்கு வேலய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?"

"இல்ல. கண்ணாடி போட்டுட்டு வந்து திரும்ப டெஸ்ட் குடுன்னாங்க. அதுவரைக்கும் சாமான் அறையில நில்லுன்னாங்க. எனக்குக் கீழ வேல பழகுன பசங்க வந்து என்கிட்ட ஸ்பேனர் கேப்பாங்க. நான் எடுத்துக் குடுக்கணும்." கண்ணாடியை மடியில் வைத்தார். "டெஸ்டுக்கு நான்தான் போகல. வேலய விடுறேன்னு கடதாசி குடுத்துட்டு வந்துட்டேன்."

அவர் சொன்னது முழுவதும் எனக்குள் இறங்கச் சற்று நேரம் ஆனது. பிறகுதான் கேட்டேன். "அப்ப எனக்காக வரலையா?"

அவர் கண்ணாடியின் நூல் சுற்றிய காலைத் திருகிக்கொண்டிருந்தார். நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிக்க வேண்டிய யூனிபோம் குவிந்து கிடந்தது. மெஷினில் உட்கார்ந்தேன். வெள்ளைத் துணி, நீல நூல் என்று தவறாகப் போட்டுத் தைத்து, பிரித்தேன். கோபம் என்று சொல்லிவிட முடியாது. அவர் கண் மங்கியதில் என்ன குற்றம்? கண்ணாடி போட வெட்கப்பட்டது சின்னப்பிள்ளைத்தனம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். "உன்கூட இருக்கணும்." அதை ஒரு சாமான் அறையிலிருந்து தப்பிப்பதற்காகச் சொன்னாரா? நான் அதைப் பெருமையாகச் சொன்ன முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இனி அவர்களிடம் போய்த் திருத்திச் சொல்லவா முடியும்?

சில நாட்கள் சாப்பாடு, உப்பு, குடை, சாவி என்ற அளவில்தான் பேசிக்கொண்டோம். அவர் புகைக் கட்டடத்துக்குப் போகவேயில்லை. வாசலில் உட்கார்ந்து கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார். அடித்த கேட்டுக்கே மறுபடி அடித்தார்.

பிறகு ஒரு மத்தியானம் நான் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"பிளேன் ஏறுனது அந்த ரூமுக்குப் பயந்துதான். அது உண்ம" என்றார்.

நான் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

"ஆனா வந்த பெறகு அங்கேருந்து ரெண்டு தரம் கூப்பிட்டாங்க. கண்ணாடி போட்டுட்டு வா, பழைய வேலையே தர்றோம்னு. உங்கிட்ட சொல்லல."

"ஏன் போகல?"

"போகத் தோணல."

"ஏன் தோணல?"

அவர் வெட்டிய துணித் துண்டு ஒன்றை எடுத்து மடித்தார். "நீ காலையில மெஷின ஓட்டுற சத்தத்துல எந்திரிச்சுப் பழகிட்டேன்" என்றார். பிறகு, தான் சொன்னது தனக்கே கூச்சமாகிப் போனதுபோல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

அது முன்பு போனில் சொன்ன வாக்கியத்தைவிட அழகில் குறைவுதான். ஆனால் அதில் ஒரு சாமான் அறையும் இல்லை, யாருக்கும் பயந்து ஓடுவதும் இல்லை. நான் அதை வெகுநேரம் யோசித்தேன். ஒரு மனிதர் எதற்காக வந்தார் என்பது ஒன்று. எதற்காகத் திரும்பிப் போகாமல் இருந்தார் என்பது இன்னொன்று. முதலாவதையே பிடித்துக்கொண்டிருந்ததில், இரண்டாவது நடந்ததையே நான் கவனிக்கவில்லை.

"மிஸ்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். "மிஸ், எனக்குக் கிட்ட உள்ள எழுத்து தெரியுறதில்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"தெரியும் அய்யே. வேன்லயே தெரிஞ்சுது" என்றார் மிஸ். "நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். இன்னும் ஒரு வாரத்துல சொல்லாட்டி நான் கேட்டிருப்பேன். பறக்கிறவங்கள்ல பாதிப் பேர் கண்ணாடி போட்டவங்கதான். ஆனா புதுசா மெடிக்கல் எடுக்கணும். அது வரைக்கும் தனியா பறக்க விடமாட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்தப் பெரிய திரை ஏன் வேணும்னு இப்ப புரியுது" என்றார். என் கணவர் போனைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தார்.

அவிசாவளையில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். பரிசோதித்தவர், "புத்தகம் வாசிக்கவா?" என்று கேட்டார். விமானத்தில் முன்பலகையைப் பார்க்க என்று சொன்னதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, சரியான கேள்வியைக் கேட்டார். "பலகை கண்ணுலேருந்து எவ்வளவு தூரம்? புத்தகத்துக்குக் குடுக்கிற கண்ணாடியில அது மங்கலாத்தான் தெரியும். அளந்துட்டு வாங்க."

ஆகவே மறுநாள் காலை அவரை விமானத்துக்குள் உட்கார வைத்தேன். இருக்கைப் பட்டியைக் கட்டச் சொன்னேன். பறக்கும்போது எப்படி உட்காருவாரோ அப்படி. என் அளவு நாடாவை எடுத்தேன். ஒரு நுனியை அவர் இடது கண்ணின் ஓரத்தில் வைத்தேன். மற்ற நுனி பலகையில், அந்த ஓட்டையின் நடுவில். எத்தனையோ பேருக்குத் தோள், கை, இடுப்பு என்று அளந்திருக்கிறேன். ஒருவருடைய கண்ணுக்கும் அது பார்க்க வேண்டிய பொருளுக்கும் இடையில் நாடா பிடித்தது அன்றுதான். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறங்க. மூடிக்கிட்டா எப்படி அளக்கிறது?"

"கையில நூல் வாசம் அடிக்குது" என்றார்.

"அசையாதீங்க."

இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. ஆனாலும் நாடா தொய்யாமல் பிடித்தேன். வலது கண்ணுக்கும் ஒருமுறை அளந்தேன். தேவையில்லைதான்.

கண்ணாடி வந்தது. கீழ்ப்பாதி பலகைக்கு, மேல்பாதி தூரத்துக்கு. வெயில் கண்ணாடியும் ஒன்று வேண்டும் என்றபோது, மிஸ் சொல்லியிருந்ததால் கடையில் வைத்தே சோதித்தோம். ஒன்றைப் போட்டுக்கொண்டு கருவியைப் பார்த்துத் தலையைச் சாய்த்தால் திரை கறுத்துப் போனது. இன்னொன்றில் அப்படி ஆகவில்லை. கடைக்காரர் இப்போது எங்களை நம்பிவிட்டார். பறக்கும்போது தன் கடைக்கு மேலே வர முடியுமா என்று கேட்டார்.

திரை விஷயத்தில் கடைசியில் யாருடைய விருப்பமும் முழுதாக ஜெயிக்கவில்லை. மிஸ்ஸுடையதைவிட ஒரு சுற்றுப் பெரியது, என் கணவர் ஆசைப்பட்டதில் பாதி. குமிழ்கள் உள்ளது. வெயிலில் தெரிவது. எங்கள் சின்ன எஞ்சின் உண்டாக்கும் மின்சாரத்துக்கு அந்தப் பெரிய திரை பாரமாகவும் இருந்திருக்கும் என்று மிஸ் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார். பலகையில் வெட்டிய ஓட்டைதான் பிரச்சினை. அதை மூட என் கணவர் ஓர் அலுமினியத் தகடு வெட்டி ரிவிட் அடித்தார். புதுக் கண்ணாடியோடு அடித்தார். முதல் ரிவிட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காலமும் தடவித்தான் பாத்திருக்கேன்" என்றார்.

இறக்கைகளைக் கழற்றி, விமானத்தைக் கடலோரத் தளத்துக்கு அனுப்ப லொறியில் ஏற்றிய அன்று லயத்திலிருந்து ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். ரப்பர்ப் பால் வாளியோடு வந்த ஓர் அக்கா கேட்டார், "இதுல எத்தன பேரு போகலாம்?"

"ரெண்டு பேரு."

"இம்புட்டுப் பாடுபட்டு ரெண்டே பேருதானா?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சோதனைகள், அனுமதிகள், மிஸ் தனியாகப் பறந்தது, என் கணவரும் மிஸ்ஸும் பறந்தது, அவர் தனியாகப் பறந்தது என்று மாதங்கள் ஓடின. எனக்கு முறை வந்தது ஒரு காலை நேரம். கடலோரத் தளத்திலிருந்து கிளம்பி, வீடு இருக்கும் திசையில் போய், தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்று திட்டம்.

தரையை விட்டதும் நான் முதலில் பார்த்தது இறக்கையைத்தான். துணி துடிக்கிறதா, முடிச்சுகள் இருக்கின்றனவா என்று. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பிறகுதான் கீழே பார்த்தேன். வயல்கள், கூரைகள், கேளனி ஆறு கலங்கலாகப் படுத்திருந்தது. அவிசாவளையைத் தாண்டியதும் ரப்பர் தொடங்கியது. இலை உதிர்க்கும் காலம், மலைச்சரிவெல்லாம் செம்பழுப்பு. மிஸ் சொன்னது சரிதான். எந்தத் தோட்டம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சரிவுகளில் பிறந்த என் கணவருக்கும் தெரியவில்லை. திரையில் எங்கள் தோட்டத்தின் பெயரும் இல்லை, வெறும் பச்சை. அவர் தன்னுடைய குறி ஒன்றை அங்கே போட்டு வைத்திருந்தார். அது எங்களை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது.

திரையின் மேல் பகுதி மஞ்சளானது. பிறகு மஞ்சளுக்கு நடுவே சிவப்பு. நிமிர்ந்து பார்த்தேன். முன்னாலிருந்த மலையின் தலையைக் காணவில்லை. கித்துல்கலப் பக்கமிருந்து வந்த மேகம் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. எங்கள் குறி அந்த மலைக்குப் பின்னால்தான். மேகத்துக்கும் மலைக்கும் நடுவில் ஒரு வெளிச்சமான இடைவெளி தெரிந்தது.

"அந்த சந்துல போயிறலாமே?" என்று ஹெட்போனில் கேட்டேன். அவ்வளவு கிட்டே வந்துவிட்டோம்.

அவர் கண்ணைத் தாழ்த்தித் திரையைப் பார்த்தார். நிமிர்ந்து மலையைப் பார்த்தார். "ரெண்டாயிரத்து நூத்தம்பது" என்று வாசித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ரெண்டாயிரத்து நூற்றைம்பதுதான். "நம்ம உயரத்தவிட கூட. மேகத்துக்குள்ள ஏறணும். ஏலாது." குரலில் வருத்தம் இருந்தது, தயக்கம் இல்லை. இறக்கை என் பக்கம் உயர்ந்தது. வானம், பிறகு செம்பழுப்பு மரங்கள், பிறகு ஆறு. நாங்கள் திரும்பிவிட்டோம். திரையில் எங்கள் குறி பின்னால் போய், ஓரத்தைத் தொட்டு, மறைந்தது.

மிஸ் தளத்தில் காத்திருந்தார். "தோட்டத்தப் பாத்தீங்களா அக்கே?" என்றார்.

"இல்ல. திரும்பிட்டாரு."

மிஸ் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

வேனை நான் ஓட்டினேன். அவிசாவளை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துக்கு ஏறும் திருப்பத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். இறங்கி, ரோட்டோரத்தில் நின்று மலையைப் பார்த்தார். மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறம்தான் இருந்தது. நாங்கள் பார்த்த இடைவெளி எப்போதோ மூடியிருக்க வேண்டும்.

"இப்ப அங்க இருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றார்.

"ஏறுங்க. நனையிறீங்க" என்றேன்.